மாதிரிக்கு ஒன்று

சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் ரயில் நிலையத்தின் வாகன நிறுத்தத்தில் ஒரு மூர் மார்க்கெட் இருக்கிறது. ரொம்பச் சின்னது. வளைவு, மாடம், செங்கல் நிறம் எல்லாம் அசலைப் பார்த்துச் செய்தவை. ஆனால் உள்ளே ஒரு கைக்குழந்தைகூட நுழைய முடியாது. தமிழ்நாட்டில் இதுவரை கட்டப்பட்ட அங்காடிகளில் குறையே சொல்ல முடியாதது இதுதான் என்பேன். கூரை ஒழுகுகிறது என்று யாரும் மனு கொடுத்ததில்லை. வாடகை பாக்கி இல்லை, உள்வாடகைத் தகராறு இல்லை. கூடையை வைத்துக்கொண்டு யாரும் வழி மறிப்பதில்லை. எலி இல்லை, ஈ இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாக வாடிக்கையாளர் இல்லை. ஓர் அங்காடியால் வரும் தொல்லைகளையெல்லாம் கழித்துவிட்டு அங்காடியை மட்டும் எப்படி நிறுத்திவைப்பது என்ற சிக்கலுக்கு உலகத்தில் வேறு யாரும் விடை கண்டதாகத் தெரியவில்லை. நாம் கண்டோம்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால், இதற்கு முன்னால் அங்கே இருந்த பெரிய மூர் மார்க்கெட் எப்பேர்ப்பட்ட தொல்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

சென்னையில் பிராட்வேயை உண்டாக்கியவர் ஸ்டீபன் போப்பம் என்ற வெள்ளைக்கார வக்கீல். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவர். அங்கே அவர் பெயரால் இருந்த சந்தை நூறு வருஷத்தில் நாறிப்போயிற்று. நாறினால் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவதுதானே முறை? அன்றைய மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூருக்கு அந்த நிதானம் இல்லை. புதிதாக ஒன்று கட்டுவோம் என்று கிளம்பிவிட்டார். 1898இல் அடிக்கல். ஆர். இ. எல்லிஸ் வரைந்து கொடுத்தார். 1900இல் கவர்னர் சர் ஆர்தர் ஹாவ்லக் திறந்துவைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமோ என்னவோ, இரண்டே வருஷம். ஒரு டெண்டரை ரத்து செய்து மறுபடி விடக்கூட அவகாசம் கொடுக்கவில்லை. மதிப்பீட்டுத் தொகையை மூன்று முறை திருத்துவது எப்படி என்றே தெரியாதவர்கள் கையில் அன்றைக்கு நாடு இருந்தது.

கட்டியதையாவது அடக்கமாகக் கட்டினார்களா? அதுவும் இல்லை. சிவப்புச் செங்கல்லில் இந்தோ-சாரசெனிக் பாணி. மொகலாய வளைவு ஒரு பக்கம், ராஜஸ்தானத்து மாடம் ஒரு பக்கம், நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் கூரை போட்ட நடைகள். சித்திரை வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் தலை நனையாமல், உச்சி காயாமல், கடை கடையாகப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். கால் கிலோ கத்தரிக்காய் வாங்க வருகிறவனுக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு? அரண்மனைக்கும் கோர்ட்டுக்கும் போடுகிற வளைவை முருங்கைக்காய்க்குப் போட்டால் ஜனங்களுக்குத் தங்களைப் பற்றி ஒரு மதிப்பு வந்துவிடாதா? பின்னால் வந்த நிர்வாகிகள் இந்த ஆபத்தைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். நம் ஊரில் அதற்குப் பிறகு கட்டப்பட்ட எந்த மார்க்கெட்டும் உள்ளே நுழைகிறவனைத் தலைநிமிர வைத்ததாக எனக்கு நினைவில்லை. கூரைத் தகரம் இடிக்கும் என்று குனிந்துதான் போகிறோம்.

காய்கறி, இறைச்சி என்று தொடங்கியது போகப் போகக் கெட்டுப்போயிற்று. பழைய புத்தகம், இசைத்தட்டு, செல்லாத நாணயம், பொம்மை, துணிமணி, புறா, கிளி, நாய்க்குட்டி. மூர் மார்க்கெட்டில் அப்பா அம்மாவைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்று ஊரே சொல்லும்படி ஆகிவிட்டது. பட்டணம் பார்க்க வருகிற கிராமத்து ஜனங்களுக்கு அப்போது ஒரு பாதை உண்டு. எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். மிருகக்காட்சிச் சாலை உயிர் காலேஜ். உயிர் காலேஜைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே மூர் மார்க்கெட். சிங்கத்தைப் பார்த்த கண்ணோடு நேராகப் பழைய புத்தகக் கடைக்காரர் முன்னால் போய் நிற்பார்கள். இரண்டில் எது அதிகம் கடித்தது என்பது அவரவர் அனுபவம்.

அங்கே புத்தகம் வாங்குவது ஒரு வித்தை. வேண்டிய புத்தகத்தை எடுத்ததும் விலை கேட்டால் தொலைந்தோம். முதலில் வேண்டாத இரண்டைப் புரட்ட வேண்டும். அப்புறம் போகிறபோக்கில் வேண்டியதை எடுத்து, “அட்டையே இல்லையேப்பா” என்று சலித்துக் கீழே வைக்க வேண்டும். கடைக்காரர் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். விரலைப் பார்ப்பார். கீழே வைக்கும்போது விரல் அட்டையை விட மனமில்லாமல் ஒரு நொடி தயங்கினால் போதும், விலை இரண்டு மடங்கு. சொன்ன விலையில் கால்வாசிக்குக் கேட்டு, திரும்பி நாலடி நடந்து, “சார், சார், வா சார்” என்று அவர் கூப்பிடும்வரை காது கேளாதவர் போல நடக்கத் தெரிந்தவருக்கு அந்தப் புத்தகம். இப்படி அரசாங்கம் ஒரு பைசா செலவு செய்யாமல், உறுப்பினர் சீட்டு இல்லாமல், அமைதி காக்கவும் என்ற பலகை இல்லாமல், பட்டணத்தின் நடுவே ஒரு நூலகம் பல பத்து வருஷம் நடந்தது. தணிக்கைக்கு உட்படாத அறிவு எவ்வளவு நாளைக்குத்தான் இருக்கலாம்?

1985 மே 30இல் தீ.

சென்னைத் தீயின் ரசனையைப் பற்றி யாரும் எழுதாதது எனக்கு வருத்தம். மவுண்ட் ரோட்டில் யூஜின் ஓக்ஷாட் 1890களில் எழுப்பிய ஸ்பென்சர் கட்டடம் 1983இல் எரிந்தது. அதுவும் இந்தோ-சாரசெனிக்தான், அதுவும் கூரைக்குக் கீழே கடைகளின் வரிசைதான். இரண்டு வருஷம் கழித்து மூர் மார்க்கெட். ஊரில் எத்தனையோ சிமெண்டுப் பெட்டிகள் நிற்க, தீ மட்டும் நல்ல வேலைப்பாடு எது என்று தேடிப் போய்க் கண்டுபிடித்தது. நமக்கு இல்லாத கலைக்கண் அதற்கு இருந்திருக்கிறது. ரயில்வேக்கு இடம் போதவில்லை, மூர் மார்க்கெட் நிலம் கிடைத்தால் நல்லது என்ற பேச்சு அதற்கு முன்பே உண்டு. இரண்டும் ஒத்துவந்தது தற்செயல். தற்செயலுக்கு நன்றி சொல்லாத ஜனங்கள் நாம். ரயில்வே மட்டும் சொல்லிற்று. அந்த இடத்தில் எழுந்த புறநகர் நிலையத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றே பெயர். அட்டவணையில் எம்.எம்.சி. என்று மூன்றெழுத்து. திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் மூர் மார்க்கெட்டுக்கு டிக்கெட் எடுத்து, மூர் மார்க்கெட்டில் இறங்கி, மூர் மார்க்கெட்டைப் பார்க்காமல் போகிறார்கள். பெயரைக் காப்பாற்றுவது என்றால் இதுதான்.

வியாபாரிகளையும் கைவிடவில்லை. பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம் என்று ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். அல்லியும் இல்லை, குளமும் இல்லை. புத்தகக் கடைக்காரர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அதே வளாகத்தில் நீதிமன்றமும் நடக்கிறது. நியாயம் வேண்டுமானால் படியேறினால் போதும், எவ்வளவு வசதி! வளைவும் முற்றமும் மட்டும் கிடையாது. அவைதான் கார் நிறுத்தத்தில் பத்திரமாக இருக்கின்றனவே.

இந்த இடத்தில் கல்கத்தாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவர்களுக்கும் 1874இல் திறந்த ஒரு மார்க்கெட் உண்டு. ஸ்டூவர்ட் ஹாக் பெயர் வைத்தது, ஜனங்கள் நியூ மார்க்கெட் என்பார்கள். அங்கும் அதே 1985இல், டிசம்பரில், தீ. நமக்குக் கிடைத்த அதே வாய்ப்பு. பயன்படுத்திக்கொள்ளத் தெரியவில்லை. எரிந்த பகுதியைத் திரும்பக் கட்டி, அதே வியாபாரிகளை உட்காரவைத்து, இன்றுவரை கேக்கும் வளையலும் விற்றுக்கொண்டு அவதிப்படுகிறார்கள். ஒரு சின்ன மாதிரி செய்து டிராம் டிப்போ ஓரம் வைத்திருந்தால் எவ்வளவு மிச்சம்!

வெளிநாட்டிலும் இதே கதை. பாரிஸில் 1800 வாக்கில் பனோரமா நடை என்று கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெரு ஒன்றைத் திறந்தார்கள். பிறகு ஐம்பது அறுபது வருஷத்தில் அதுபோல நூற்றுக்கு மேல். பாதிக்கு மேல் இடித்துத் தள்ளிவிட்டார்கள் என்பது உண்மை; அந்த அளவில் அவர்கள் நம் இனம். ஆனால் மிச்சமிருக்கும் இருபது சொச்சத்தில், அந்தப் பனோரமா நடையிலேயே, இன்றும் உட்கார்ந்து தபால்தலை விற்கிறார்கள். வால்டர் பெஞ்சமின் என்ற ஜெர்மானியர் இந்த நடைகளைப் பற்றிப் பதின்மூன்று வருஷம் குறிப்பு எடுத்து, முடிக்காமலே 1940இல் இறந்துபோனார். நம் ஊராக இருந்திருந்தால் அவருக்கு அந்தச் சிரமம் இருந்திருக்காது. இரண்டாவது வருஷம் குறிப்பு எடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. மிலான் நகரத்து கலேரியா இன்னும் வேடிக்கை. 1865இல் தொடங்கி 1877இல் முகப்பு வளைவு முடிகிற சமயம், அதைக் கட்டிய மெங்கோனி சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். கட்டடம் நிற்கிறது. அங்கே கட்டியவர் விழுகிறார். நம் ஊரில் அந்தப் பொறுப்பைக் கட்டடமே ஏற்றுக்கொள்கிறது.

எங்கள் புதுச்சேரி இந்த விஷயத்தில் சென்னைக்கு இளைத்ததில்லை. இன்னும் ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம். எங்களுக்குத் தீகூடத் தேவைப்படவில்லை. கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் என்று ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1870-71இல் நகராட்சிக்காகக் கட்டியது. சுண்ணாம்புச் சாந்து, உயரமான தூண்கள், கடலைப் பார்த்த முகம். அதை இடிக்க வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. பழுது பார்க்க வேண்டும் என்று பேசினார்கள். பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். பொறுமையைவிடப் பெரிய கடப்பாரை கிடையாது. 2014 நவம்பர் 29, நல்ல மழை. கட்டடம் தானாகவே முன்வந்து கீழே உட்கார்ந்தது. உடனே எங்கள் பாரம்பரியப் பற்று விழித்துக்கொண்டது. நின்ற வரைக்கும் ஒரு ஓட்டைக்குச் சாந்து பூசக் கிடைக்காத பணம், விழுந்த பிறகு உலக வங்கியிலிருந்து கடலோரப் பேரிடர்த் தணிப்புத் திட்டத்தில் வந்தது. பேரிடர் என்ற தலைப்பில் வந்ததுதான் பொருத்தம். பழையதைப் போலவே புதிதாகக் கட்டி, 2021 பிப்ரவரி 25இல் பிரதமர் திறந்துவைத்தார். அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. வெள்ளை நகரத்துக்கு வருகிற ஜோடிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும். உன் வேல்களெல்லாம் நெய் பூசி, மாலை சூடி, பளபளவென்று காவலில் இருக்கின்றன. அதியமானுடைய வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாராட்டிவிட்டு வந்தார். தொண்டைமான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தால் தப்பே இல்லை. சேதமில்லாத ஆயுதம்தானே நல்ல ஆயுதம்? மேரியில் ஒரு கீறல் கிடையாது. அதே ஊரில் கொல்லன் பட்டறையில் கிடக்கிற வேல் ஒன்று உண்டென்றால் அது பெரிய மார்க்கெட். அரசாங்கக் காகிதத்தில் குபேர் அங்காடி. 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர்.

நான் தவளக்குப்பத்துக்காரன். எங்கள் ஊரிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்குப் போகிற வழியே ஒரு பாடம். நாற்சந்தியில் கடலூர்ப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸைப் பிடித்தால் நோணாங்குப்பம் பாலம், அரியாங்குப்பம் பாலம். வலது கைப் பக்கம் ஆற்றோரம் காக்காயன்தோப்பு; அங்கேதான் அரிக்கமேடு. ரோமாபுரிச் சரக்கு வந்து இறங்கிய இடம். 1945இல் மார்டிமர் வீலர் தோண்டிப் பார்த்து, நூற்றைம்பது அடி நீளத்துக்கு ஒரு செங்கல் கட்டடத்தைக் கண்டுபிடித்து, இது சரக்குக் கிடங்கு என்று கருதினார். அதாவது இன்றைய பெரிய மார்க்கெட்டுக்கு இரண்டாயிரம் வருஷத்து மூத்த அண்ணன் எங்கள் பக்கத்து ஊரில் இருந்தான். மீதி எங்கே என்று கேட்கக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே லெ ஜான்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் வந்து, ஜனங்கள் அந்தப் பெரிய பழைய செங்கல்லைத் தோண்டி எடுத்துக்கொண்டு போவதைக் குறித்து வைத்திருக்கிறார். செங்கல் வீணாகவில்லை, ஏதோ ஒரு அடுப்பங்கரைச் சுவரில் இருக்கும். பழையதைக் கலைத்துப் பயன்படுத்துவதில் எங்கள் பகுதிக்கு இருக்கிற பாரம்பரியம் நகராட்சிக்கெல்லாம் முந்தியது. நகராட்சி எங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்து முருங்கப்பாக்கம், அதைத் தாண்டினால் முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. மில். மூர் மார்க்கெட்டுக்கு அடிக்கல் போட்ட அதே 1898இல் பிறந்தது. ரோடியர் மில் என்பார்கள் பழைய ஆட்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்த இடம். 2020இல் மூடியாயிற்று. மைதானம் இருக்கிறது, பொருட்காட்சி போடலாம். நேரு வீதிக்குப் போனால் பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். சிறையில் இடம் பிடிப்பது அந்தக் காலத்தில் சுலபம், இப்போது ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு ஸ்கூட்டருக்கு இடம் பிடித்துப் பாருங்கள்.

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே பெரிய மார்க்கெட். துணிக்கடைகளுக்கிடையே உள்ள சந்தில் நுழைந்தால், கண்ணுக்கு இருட்டு பழகக் கொஞ்ச நேரமாகும். முதலில் மூக்குதான் வழி சொல்லும். மல்லிகை, வெற்றிலை, ஊறவைத்த பலாக்கொட்டை, கருவாடு. மல்லிகைக்கும் கருவாட்டுக்கும் நடுவில் சில தப்படிதான். எந்த நகரமைப்பு வல்லுநரும் சம்மதிக்க மாட்டார். ஆனால் கல்யாண வீட்டுக்காரரும் கருமாதி வீட்டுக்காரரும் ஒரே நடையில் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். இதற்கெல்லாம் தனித்தனி பிளாக், ஏ, பி, சி என்று போட்டு, லிஃப்ட் வைத்து, லிஃப்ட் வேலை செய்யாமல் இருந்தால் எவ்வளவு ஒழுங்காக இருக்கும்!

மீன் பகுதிக்குப் போனால் எங்கள் பக்கத்து நல்லவாட்டிலிருந்து வருகிற பெண்களைப் பார்க்கலாம். அருவாமனையைக் காலால் அழுத்திக்கொண்டு, ஆள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே சீலாவைச் சீவுவார்கள். கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். செதில் முழங்கைவரை ஒட்டிக் காய்ந்து, மேலே ஓட்டு இடுக்கிலிருந்து விழுகிற வெளிச்சம் பட்டால் மினுக்கும். மீனைப் பார்த்துக்கொண்டே சும்மா நின்றால் விடமாட்டார்கள். “இன்னா சார், பொண்ணா பாக்குற? எடுத்துக்கினு போ, வூட்ல அக்கா காத்துக்கினு இருக்கும்” என்று ஒரு குரல். விலை கேட்டால் ஒன்று சொல்வார்கள்; நாம் ஒன்று கேட்போம்; “அந்தக் காசுக்குக் கடல் தண்ணி தரேன், பாட்டில் கொண்டாந்தியா?” என்பார்கள். பிறகு நடுவில் ஒரு விலை, கொசுறாக நாலு நெத்திலி. நுகர்வோர் குறைதீர் மன்றம், விலை நிர்ணயக் குழு, மகளிர் சுயதொழில் திட்டம் எல்லாம் ஒரு அருவாமனை அளவு இடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு சிக்கனமாக நடந்தால் துறைகள் எதற்கு என்று ஒருநாள் யாராவது கேட்டுவிட மாட்டார்களா? மொத்த மீன் வியாபாரத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நவீன மீன் அங்காடிக்கு மாற்றச் சொன்னபோது இந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். டைல்ஸ் போட்ட மேடையைவிட வாடிக்கைக்காரர் வருகிற ஈரத்தரைதான் வேண்டுமாம். நவீனம் என்றால் என்ன என்பதை மீன் விற்கிறவருக்கு விளக்குவது கஷ்டம்.

2015இல் ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்தது. 2017இல் புதுச்சேரி அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பெரிய மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவோம் என்று நிர்வாகம் சொன்னது. இடிக்க வேண்டாம், இருப்பதைச் சீர் செய்யுங்கள் என்று வியாபாரிகள் கடையடைத்துச் சொன்னார்கள். அவர்கள் பயமெல்லாம் ஒன்றுதான்: வெளியே போனால் உள்ளே வர முடியுமா? தாற்காலிகம் என்ற நிலையில் எங்கள் நிர்வாகத்துக்கு இருக்கிற பிடிப்பை அறிந்தவர்கள் யாரும் இப்படிப் பயப்பட மாட்டார்கள். தாற்காலிக ஏற்பாடுகளைத்தான் நாங்கள் நிரந்தரமாகச் செய்வோம். மூர் மார்க்கெட் வியாபாரிகள் நாற்பது வருஷத்துக்கு முன்னால் போனவர்கள், இன்னும் அல்லிக்குளத்தில் சௌக்கியமாக இருக்கிறார்கள் இல்லையா?

ஆனால் இடிப்பது, சீர் செய்வது என்ற இந்தச் சண்டையில் இரண்டுமே செய்யாமல் இருக்க முடியும் என்பதை நிர்வாகம் அறிந்திருக்கிறது பாருங்கள், அதுதான் மேதைமை. இடிக்கப்போகிற கூரைக்கு ஓடு மாற்றுவானேன்? தூக்கி எறியப்போகிற ஒயருக்குப் புது ஒயர் இழுப்பானேன்? திட்டம் கோப்பில் இருக்கிறவரை பழுது பார்ப்பது அரசாங்கப் பணத்தை வீணாக்குவது. திட்டம் கைவிடப்பட்டால், இவ்வளவு பழுதான கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று புதிய திட்டம் போடலாம். மழை வருஷா வருஷம் வருகிறது. மேரிக்கு ஒத்தாசை செய்த வடகிழக்குப் பருவமழை பெரிய மார்க்கெட்டுக்குச் செய்யாதா? ஒயரும் பழையதாக இருந்தால் மூர் மார்க்கெட் வழியும் திறந்தே இருக்கிறது. நெருப்பும் நீரும் ஆளுக்கொரு டெண்டர் போட்டுக் காத்திருக்கிற ஒரே கட்டடம் அநேகமாக இதுதான்.

எதிர்காலம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் எங்கள் தவளக்குப்பத்துக்கே வரலாம். கடலூர்ச் சாலையில் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் எழும்பிக்கொண்டே இருக்கிறது. முன்பக்கம் நீலக் கண்ணாடி, அதற்கு மேல் வெள்ளித் தகடு, அதற்கு மேல் கட்டடத்தைவிடப் பெரிய விளம்பரப் பலகை. நிழல் தருகிற ஒரு முழ நீட்டல்கூடக் கிடையாது. தந்தால் அங்கே யாராவது கொய்யாப்பழக் கூடையை இறக்கிவிடுவார்கள் அல்லவா? மத்தியானம் இரண்டு மணிக்குக் கண்ணாடியில் பட்ட வெயில் எதிர்வரிசை வரை அடிக்கிறது. கொய்யாப்பழக்காரம்மா சாலையோரத்தில் ஒரு பெரிய குடையை நட்டு, செங்கல் நாலை அடிக்கு அடுக்கி உட்கார்ந்திருக்கிறார். மழை வந்தால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஸ்கூட்டரை ஓரங்கட்டியவர்கள் எல்லோரும் அந்தக் குடைக்குக் கீழேதான். பக்கத்தில் மூன்று மாடி சும்மா நனைந்துகொண்டிருக்கும். சர் ஜார்ஜ் மூரும் எல்லிஸும் இரண்டு வருஷம் மெனக்கெட்டுக் கட்டியதை இந்த அம்மா ஐந்து நிமிஷத்தில் கட்டிவிடுகிறார். அவருக்கும் அவ்வப்போது நோட்டீஸ் இல்லாமல் அப்புறப்படுத்தும் கௌரவம் கிடைக்கிறது. பாரம்பரியக் கட்டடங்களுக்குச் செய்கிற அதே மரியாதை.

நிர்வாகத்திடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம் உண்டு. பெரிய மார்க்கெட் விழுந்த பிறகு அவசரமாகத் தேடாமல், இப்போதே மாதிரியைச் செய்து வைத்துவிடலாம். வைக்க இடம் இருக்கிறது. பழைய சிறைச்சாலை நிறுத்தத்தில் இரண்டு கார் இடம் ஒதுக்கினால் போதும். மூர் மார்க்கெட் மாதிரியில் ஒரு குறை உண்டென்றால் அது ஆளில்லாமல் இருப்பது. நாம் அதைச் சரிசெய்துவிடலாம். வில்லியனூரில் களிமண் பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், புவிசார் குறியீடு வாங்கிய கை. பூக்காரம்மா இரண்டு பேர், கருவாட்டுக் கடை ஒன்று, பேரம் பேசுகிற சார் ஒருவர் என்று பட்டியல் கொடுத்தால் செய்து தருவார்கள். மீன்காரம்மாவை மட்டும் கொஞ்சம் கவனமாகச் செய்யச் சொல்ல வேண்டும். அருவாமனை மேல் கால், கையில் சீலா, வாய் திறந்திருக்க வேண்டும். அளவு சொல்லிவிட்டால் அவர்கள் நாளைக்கே மண் பிசையத் தொடங்கலாம். முன்பணம் மட்டும் இந்த ஒரு தடவையாவது முன்னால் கொடுத்துவிடுங்கள்.